கேப்டனுக்கு ஐடி கார்டு இல்லை

நாங்கள் செய்வது ரப்பர் புஷ். காருக்கு அடியில் சஸ்பென்ஷனில் உட்கார்ந்து பள்ளம் மேட்டின் குலுக்கலையெல்லாம் வாங்கிக்கொள்ளும் சின்னச் சாமான். அதில் சிப்பும் கிடையாது, ஒயரும் கிடையாது. ஆனாலும் 2021 ஆகஸ்டில் எங்கள் நோட்டீஸ் போர்டில் ‘நோ புரொடக்‌ஷன் டே’ என்று முதன்முதலாக ஒட்டியதற்குக் காரணம் சிப்தான். கொரோனா முதல் அலையில் கார் கம்பெனிகள் ஆர்டரை நிறுத்தின. சிப் செய்கிறவர்கள் லேப்டாப், செல்போன் பக்கம் போய்விட்டார்கள். கார்க்காரர்கள் திரும்பி வந்து கேட்டபோது வரிசையில் கடைசி இடம்தான் கிடைத்தது. போதாக்குறைக்கு மலேசியாவில் லாக்டவுன். சிப்பைச் சோதித்துப் பேக் செய்யும் ஆலைகள் பல அங்கேதான் இருக்கின்றன. அங்கே கதவைச் சாத்தினால் ஒரகடத்தில் எங்கள் ரப்பர் மோல்டிங் பிரஸ் நிற்கும் என்று பாலிடெக்னிக்கில் யாரும் சொல்லித்தரவில்லை.

நான் அந்த ஆலையில் குவாலிட்டி பிரிவின் ஷிஃப்ட் இன்சார்ஜ். ஞாயிறு காலைகளில் கம்பெனி டீமில் மிதவேகப் பந்துவீச்சு. மிதவேகம் என்பது நானே வைத்துக்கொண்ட பெயர். கீப்பர் ஸ்டம்புக்கு ஒட்டி நின்றே பிடிப்பார்.

அப்போதிருந்த தொழிற்சாலைகள் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கினால், அதற்கு முன்போ பின்போ மூன்று நாளுக்குள் ஒரு நாள் லீவு விட வேண்டியிருந்தது. எங்கள் நிர்வாகம் சட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது. சிப் வராத வியாழன் லீவு, பதிலுக்கு ஞாயிறு வேலை. யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் டீமுக்கு மட்டும்தான் அது இடி. வியாழக்கிழமை கிரவுண்ட் சும்மா கிடக்கும், ஆனால் எதிரில் ஆட வேறு கம்பெனி இருக்காது. அவர்களுக்கு லீவு வேறொரு நாள். நாங்களே இரண்டு டீமாகப் பிரிந்து ஆடினோம். ஆள் குறைந்தால் ஒருத்தனை இரண்டு பக்கமும் ஜோக்கராகப் போட்டுக்கொள்வோம். அவனுக்கு இரண்டு காஜி, அதாவது இரண்டு முறை பேட்டிங், கிடைக்கும் என்பதால் ஜோக்கராக இருக்கப் போட்டி நடக்கும்.

எங்கள் கேப்டன் வந்தவாசிப் பக்கத்துப் பையன். ஐடிஐ ஃபிட்டர், இருபத்து நாலு வயது, ட்ரிம்மிங் செக்‌ஷனில் கான்ட்ராக்ட். மோல்டிலிருந்து சூடாக வரும் புஷ்ஷின் விளிம்பில் மெல்லிய ரப்பர் ஜவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். ஃப்ளாஷ் என்போம். அதை பிளேடால் ஒரே சுற்றில் சீவி எடுக்க வேண்டும். நிறுத்தி நிறுத்திச் சீவினால் படி விழும். படி விழுந்தால் ரிஜெக்ட். மற்றவர்கள் புஷ்ஷைத் திருப்புவார்கள், அவன் பிளேடைத் திருப்புவான். அவன் பெட்டியை நான் சாம்பிள் எடுத்துப் பார்ப்பதெல்லாம் ரெஜிஸ்டரில் எழுத வேண்டுமே என்பதற்காகத்தான்.

அவனை யாரும் ஓட்டுப்போட்டுக் கேப்டன் ஆக்கவில்லை. முன்பு இருந்த புரொடக்‌ஷன் இன்ஜினியர் வேறு ஊருக்குப் போனார். அடுத்த மேட்சில் ஃபீல்டிங் யார் வைப்பது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது இவன் கைகாட்ட ஆரம்பித்தான், அவ்வளவுதான். பிளான்ட்டில் என்னை ‘சார்’ என்பான், கிரவுண்டில் ‘அண்ணே’. பிளான்ட் மேனேஜரை மட்டும் இரண்டு இடத்திலும் ‘சார்’ என்பான். ‘சார், நீங்க தேர்டு மேன் போயிருங்க’ என்று அவன் சொல்ல, ஐந்நூறு பேருக்கு அதிகாரியான மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கீப்பருக்குப் பின்னால் பவுண்டரி ஓரத்துக்கு நடந்து போவதை நான் ஒவ்வொரு முறையும் ரசித்தேன்.

செப்டம்பரில் ஒரு மேட்ச். சிமென்ட் பிட்ச், மேலே கயிற்றுப் பாய். பாயில் பந்து பிடித்து எழும்பும், என்னைப் போன்றவர்களுக்குக் கடவுள் கொடுத்த வரம். எதிரில் ஒருவர் என்னை நேராகத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தார். மிட் ஆனில் நின்றவரைப் பின்னால் தள்ளச் சொன்னேன். கேப்டன் கேட்கவில்லை. எதிர்மாறாக மிட் ஆனை முன்னால் வரவைத்து, கொஞ்சம் மிட் விக்கெட் பக்கம் நகர்த்தினான். என் பக்கத்தில் வந்து, ‘அண்ணே, அவரு கீழ்க்கைதான் ஸ்ட்ராங்கு. ஸ்லோவா பாயில குத்துங்க, திருப்பிருவாரு’ என்றான். மேலே ஏறி வந்த ஆளைப் பார்த்துவிட்டு அவர் தலைக்கு மேல் தூக்கத்தான் பார்த்தார். பந்து பாயில் நின்று வந்தது, பேட் திரும்பிவிட்டது, நகர்த்தி வைத்த ஆளின் நெஞ்சுக்கு நேராகப் போய் விழுந்தது கேட்ச். எனக்கு விக்கெட், அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அடுத்த ஆளுக்கு ஃபீல்டிங் மாற்றப் போய்விட்டான்.

அந்த மேட்சுக்கு வந்த ஒருவர் அவனிடம், ‘சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பாலில் இருந்துதானே போனார், நீயும் முயற்சி பண்ணலாமே’ என்றார். நடராஜன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடியதிலிருந்து தமிழ்நாட்டில் டென்னிஸ் பந்து ஆடும் ஒவ்வொரு பையனும் இதைக் கேட்டிருப்பான். ‘அவரு சென்னை லீக்குக்குப் போய்ட்டாரு சார். எனக்கு நாளைக்கு பி ஷிஃப்ட்’ என்றான் இவன்.

அக்டோபரில் ஆட்குறைப்பு. கம்பெனி ஆட்களை யாரும் தொடவில்லை. கான்ட்ராக்டருக்கு ‘ஸ்ட்ரெங்த்தைக் குறைக்கவும்’ என்று ஒரு வரி மெயில். சனிக்கிழமை ஷிஃப்ட் முடியும்போது கேட்டில் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ட்ரிம்மிங்கில் பாதிப் பேர் போனார்கள். எங்கள் டீமில் கேப்டன், கீப்பர், ஓபனிங் பவுலர் என்று நடுமுதுகே போனது. எனக்குப் போனது ஓட்டி (ஓவர்டைம்) மட்டும். ஓட்டியை நம்பித்தான் வீட்டுக் கடனை வாங்கியிருந்தேன் என்பதால் மனைவியின் நகை பேங்குக்குப் போனது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘வேலைக்கு லீவு விடுறாங்க, உங்க கிரிக்கெட்டுக்கு மட்டும் லீவே கிடையாதா’ என்று மட்டும் கேட்டாள். கேப்டனின் போன்கூட அந்த நேரத்தில்தான் வந்தது. ‘அண்ணே, சண்டே மேட்ச் இருந்தா சொல்லுங்க. பஸ் புடிச்சு வந்துர்றேன்.’

வந்தான். வேலை இல்லாத ஊரில் மேட்ச் ஆட இரண்டு பஸ் மாறி வந்தான். கான்டீன் மேஸ்திரி மூன்றாம் பேருக்குத் தெரியாமல் அவனுக்கும் ஒரு டிபன் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்.

பிறகு மழை. அந்த நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் மட்டும் 100 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டியது. 2015-க்குப் பிறகு அப்படியொரு நவம்பர் இல்லை. பாலாற்றில் வெள்ளம். எங்கள் கிரவுண்ட் ஏரி உள்வாய்; கோடையில் ஊரே ஆடும், ஏரி நிரம்பினால் நாரைதான் ஆடும். தண்ணீர் வடிகிற வரைக்கும் கிரிக்கெட் போனில்தான். நவம்பர் 22, சையது முஷ்டாக் அலி டி20 ஃபைனல், கர்நாடகத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்குக் கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். கம்பெனி பஸ்ஸில் ஒரே போனைச் சுற்றி நாங்கள். தமிழ்நாட்டு ஆட்டக்காரர் ஷாருக் கான் ஸ்கொயர் லெக் பக்கம் சிக்ஸர் அடித்ததும் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார், மேட்ச் பார்க்காதவர்கள் திட்டினார்கள். சரி, நல்ல காலம் பிறந்தது என்று நினைத்தேன். டிசம்பர் 26, ஹிமாச்சலுக்கு எதிராக விஜய் ஹசாரே ஒருநாள் ஃபைனல். தினேஷ் கார்த்திக் 116, மொத்தம் 314. வெளிச்சம் மங்கி ஆட்டம் நிற்க, கேரளத்து இன்ஜினியர் ஜெயதேவன் போட்ட கணக்குப்படி ஹிமாச்சல் 11 ரன்னில் ஜெயித்துவிட்டது. கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். மலேசியா கணக்கும் சரியாகத்தான் இருந்தது.

ஜனவரியில் அரசே வந்து ஞாயிற்றுக்கிழமையைப் பூட்டியது. ஒமைக்ரான். 9, 16, 23 மூன்று ஞாயிறும் முழு ஊரடங்கு. பொங்கல் டோர்னமென்ட்டுக்கு அடித்த ஃப்ளெக்ஸ் எல்லாம் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போனது. அந்த மாதம் என் முட்டியும் வீங்கியிருந்தது. ஆட முடியவில்லை என்று வருத்தப்பட வழியில்லாமல் எல்லோருமே வீட்டில் இருந்தது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மார்ச்சில் ஆர்டர் திரும்பியது. ட்ரிம்மிங்கில் ஆள் போதவில்லை. புதுப் பையன்கள் படிபடியாகச் சீவினார்கள், என் ரிஜெக்‌ஷன் சார்ட் ஏணி மாதிரி ஏறியது. பழைய ஆட்களைக் கூப்பிடுங்கள் என்று நானே போய் நின்றேன். கேப்டன் வந்தான். புது கான்ட்ராக்டர், புது கேட் பாஸ். மூன்று வருஷம் அதே மேஜையில் சீவியவன் காகிதத்தில் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவன். முதல் நாள் சேஃப்டி டிரெயினிங்கில் உட்காரவைத்து ஹெல்மெட் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவன் பக்கத்தில் இருந்தவனுக்கு ஸ்ட்ராப் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

ஏப்ரலில் கம்பெனிகளுக்கு இடையிலான டோர்னமென்ட். லெதர் பந்து, கலர் டிரஸ், அம்பயர் எல்லாம் உண்டு. விதி: கம்பெனியின் பே ரோலில் இருப்பவர்கள் மட்டும் ஆடலாம். வெளியிலிருந்து லீக் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து இறக்குவார்கள் என்ற பயத்தில் போட்ட விதி, நியாயமான பயம்தான். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஹெச்ஆர் லெட்டர் கொடுத்தால் பரவாயில்லை என்று அமைப்பாளர்கள் இறங்கி வந்தார்கள். நான் சந்தோஷமாக ஹெச்ஆரிடம் போனேன்.

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் டீமுக்குப் பந்து வாங்கப் பணம் ஒதுக்கியவரே அவர்தான். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: ‘நம்ம லெட்டர்ஹெட்ல இவங்க நம்ம ஆளுன்னு எழுதிக் கொடுத்தா, நாளைக்கு லேபர் கோர்ட்ல அதுதாங்க முதல் எக்ஸிபிட்.’ 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தொடங்கி இருக்கிற தகராறே அதுதான்: இந்த ஆள் யாருடைய ஆள்? கான்ட்ராக்டர் ஆள் என்று காட்டத்தான் இத்தனை காகிதமும். கம்பெனி பெயரைப் போட்டு, ஒரு டோர்னமென்ட்டுக்காக எழுதும் நாலு வரி அத்தனையையும் கெடுத்துவிடும். அவர் வேலையில் நான் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அதுதான் எரிச்சலாக இருந்தது. கோபப்பட ஆளே கிடைக்கவில்லை.

மெயின்டனன்ஸ் இன்ஜினியர் கேப்டனாக இறங்கினார். கேப்டன் பவுண்டரிக்கு வெளியே மரத்தடியில் ஸ்கோர் எழுதினான். மூன்றாவது ஓவரிலேயே எழுந்து நின்று கையை ஆட்ட ஆரம்பித்தான். நாங்களும் இன்ஜினியரை விட்டுவிட்டு மரத்தடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்பயர் வந்து, ‘அந்தத் தம்பி உள்ளே வரணும், இல்லேன்னா உட்காரணும்’ என்றார். உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது ரவுண்டில் தோற்றோம். அவன் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்ல மாட்டேன். எதிர் டீம் நல்ல டீம்.

ஜூனில் அவன் ஊர்ப் பக்கம் டென்னிஸ் பால் டோர்னமென்ட், எட்டு ஓவர். அங்கே ஆதார் பார்த்தார்கள். அந்த ஊர் முகவரி இருந்தால்தான் ஆடலாம், வெளியாள் இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி. இப்போது நாங்கள் எல்லோரும் அவனுடைய தயவில். பிளான்ட் மேனேஜர் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் ஆளாகக் கட்டைவிரல் போட்டிருந்தார். கேப்டன் என்னையும் மெயின்டனன்ஸ் இன்ஜினியரையும் எடுத்தான், மேனேஜரை எடுக்கவில்லை. ‘சாருக்கு ஓட முடியாதுண்ணே’ என்றான், அவ்வளவுதான் விளக்கம். டென்னிஸ் பந்தில் என் மிதவேகம் கல்யாணச் சாப்பாடு. ஒரே ஓவரில் மூன்று சிக்ஸர். ‘விடுங்கண்ணே, லாங் ஆன்ல நின்னுக்கோங்க’ என்று பந்தை வாங்கிக்கொண்டான். ஃபைனல் வரைக்கும் போய்த் தோற்றோம். இரண்டாம் பரிசுப் பணம் நுழைவுக் கட்டணத்துக்கும் பிரியாணிக்கும் சரியாகப் போனது.

ஆகஸ்டில் அடுத்த சீசனுக்கான கூட்டம். எங்கள் கம்பெனி சார்பில் நான் போனேன். பே ரோலுக்குப் பதிலாக இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டு எண்ணை வைத்துக்கொள்ளலாமே என்றேன். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் அது உண்டு, யாரும் லெட்டர் எழுத வேண்டாம், வெளியூர் லீக் ஆட்டக்காரனை நுழைக்கவும் முடியாது. எல்லோருக்கும் பிடித்துப்போனது. டீ வந்தது. டீயைக் குடித்துக்கொண்டே ஒருவர், மாதச் சம்பளம் 21,000 தாண்டினால் இஎஸ்ஐ கிடையாதே என்றார். அறையில் இருந்த அத்தனை பேரும் மேனேஜர்களும் இன்ஜினியர்களும்தான். ஒருவருக்கும் இஎஸ்ஐ எண் இல்லை. ‘பரிசீலிக்கலாம்’ என்று மினிட்ஸில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் வந்த படிவத்தில் பழையபடி ‘எம்ப்ளாயி நம்பர்’ கட்டம்தான் இருந்தது.

எங்கள் ஞாயிறு மேட்சுகளுக்குப் படிவம் கிடையாது. சனிக்கிழமை இரவு கேப்டன் குரூப்பில் பதினொரு பேர் பட்டியல் போடுவான். இந்த வாரப் பட்டியலில் எனக்குப் பத்தாவது இடம். பதினொன்றில் பிளான்ட் மேனேஜர். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் ‘தேர்டு மேன்’ என்று இப்போதே போட்டுவைத்திருக்கிறான்.