கொஞ்சம்தானே

லண்டனில் படித்த காலத்தில் இரண்டு வருடம் ஒரு காபிக் கடையில் பகுதிநேர வேலை பார்த்தேன். பசும்பாலுக்குப் பக்கத்தில் சோயா, பாதாம், ஓட்ஸ் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். எதிலும் ‘பால்’ என்று எழுதியிருக்காது, ‘பானம்’தான். விலங்கின் பாலை மட்டுமே பால் என்று விற்கலாம் என்று 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேங்காய்ப்பாலுக்கு விலக்கு உண்டு. ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

கூட வேலை பார்த்த சீனப் பெண் சோயாப் பாலை மாற்றுப் பாலாக நினைத்ததே இல்லை. ஊரில் பொரித்த நீள ரொட்டியோடு தினமும் காலையில் குடித்தது அதைத்தான். பசும்பால் குடித்தால் அவர் வயிறு உப்பிக்கொள்ளும். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி வளர்ந்தபின் குறைந்துபோவது உலகில் பெரும்பாலோருக்கு இயல்புதான்.

இதையும் அலர்ஜியையும் நான் ஒன்றாகவே நினைத்திருந்தேன். நம் பேச்சில் இரண்டுக்குமே ‘பால் ஒத்துக்காது’ என்றுதானே சொல்கிறோம்? ஆனால் அலர்ஜி, பாலின் புரதத்தை உடலே எதிரியாக நினைத்துத் தாக்குவது. சிலருக்கு அதற்குத் துளி போதும்.

ஒரு மாலை, கடையில் நல்ல கூட்டம். ஓர் அம்மா மகளுக்கு ஓட்ஸில் சாக்லேட் பானம் கேட்டார், பால் அலர்ஜி என்றும் சொன்னார். பசும்பால் நுரைத்த ஜக்கை அவசரமாக அலசிவிட்டு ஓட்ஸை ஊற்றினேன். பாலைச் சூடாக்கி நுரைக்கவைக்கும் ஆவிக்குழாயைத் துடைத்ததும் பழைய ஈரத்துணியால்தான். சூப்பர்வைசர் என் கையிலிருந்து ஜக்கை வாங்கிக் கொட்டினார். கத்தவில்லை. அந்த அம்மாவிடமே போய், ஆவிக்குழாய் எல்லாப் பாலுக்கும் பொது என்று சொன்னார். அவர் நன்றி சொல்லி, ஒரு ஜூஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

‘அலசியாச்சே, கொஞ்சம்தானே’ என்றுதான் அன்று எனக்குள் ஓடியது. 2023 பிப்ரவரியில் அதே லண்டனில், சோயாப் பாலில் கேட்டு வாங்கிய சாக்லேட் பானத்தில் பசும்பால் இருந்ததால் 13 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். குடித்தது ஒரு வாய். தாய் சொன்னது பானம் தயாரித்தவருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அந்த இடத்தில் நானே நின்றிருக்கலாம். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

செடியிலிருந்து வந்தது என்பதாலேயே எல்லாருக்கும் ஆகும் என்றும் இல்லை. பிரிட்டனில் கடைக்காரர் கட்டாயம் சொல்லவேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் பாலோடு சோயா, பாதாம், ஓட்ஸ் எல்லாமே வருகின்றன.

ஊர் திரும்பியபின் உறவில் ஒரு கல்யாணம். அக்கா மகனுக்குப் பால் அலர்ஜி. நெய்யிலும் பால் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். பெரியம்மா நெய்க் கிண்ணத்தோடு வந்தார். “ஒரு சொட்டுதானேடா, பச்சப்புள்ள ஏங்கிப்போயிடும்.” அவ்வளவும் பாசம். அதை மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை. இலையை மறைத்துக் கொண்டு, வேண்டாம் பெரியம்மா என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் சமையல்கட்டுக்குப் போய் மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். பருப்புப் பாயசம், தேங்காய்ப்பாலில். பருப்பை வெறும் வாணலியில்தான் வறுத்தாராம். முந்திரியை நெய்யில் வறுத்துக் கொட்டுவது மட்டும் பாக்கி. “அதுக்கு முன்னாடி எடுத்து வைக்கணும், அவ்வளவுதானே தம்பி?” என்று மொள்ளப் போனவர் சட்டென்று நின்றார். கையிலிருந்தது நெய்யில் போட்ட கரண்டி. அதை ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு கரண்டியைத் தேடி எடுத்துக் கழுவினார்.