இறக்கை மேலேயா, கீழேயா?

இறக்கை உடலுக்கு மேலே இருக்கும் சிறிய விமானமான செஸ்னா 172-ஐ முன்னாலிருந்து பாருங்கள். இறக்கை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பது 2 டிகிரிகூட இல்லை. இறக்கை கீழே இருக்கும் பைப்பர் செரோக்கியில் 7 டிகிரி. மேல் இறக்கை விமானம் ஊசல்குண்டு மாதிரி தொங்குவதால் தானே நிமிரும் என்று பலர் சொல்வது சரியான விளக்கமில்லை. விமானம் பக்கவாட்டில் சறுக்கும்போது காற்று உடலைச் சுற்றி வளைகிறது. இறக்கை மேலே இருந்தால், காற்று வரும் பக்கத்தில் உடலையொட்டிய பகுதியின் தாக்குகோணம் (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம்) கூடி, அந்தப் பக்கம் எழும்பும். கீழே இருந்தால் விளைவு நேர்மாறு. அதை ஈடுகட்டத்தான் அந்த 7 டிகிரி.

எரிபொருளிலும் வித்தியாசம் உண்டு. கார்புரேட்டர் வைத்த 172-இல் அது தானாகவே கீழே இறங்கும். செரோக்கியில் பம்ப் வேண்டும். காலி டேங்கிலிருந்து பம்ப் காற்றை உறிஞ்சிவிடும் என்பதால் எந்த டேங்க் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரில் இடது அல்லது வலதுதான், இரண்டையும் சேர்த்துத் திறக்க முடியாது. மாற்ற மறந்தால் மறு டேங்க் நிறைய இருக்கும்போதே இன்ஜின் நிற்கும்!

தரையிறங்கும்போது கீழ் இறக்கை தரைக்கு மிக அருகில் வருவதால் வேகம் கொஞ்சம் கூடினாலும் மிதந்துகொண்டே போகும், ஓடுபாதை கரையும். விமானத்தை வலுக்கட்டாயமாகத் தரையில் அழுத்தினால் மூக்குச் சக்கரம்தான் முதலில் அடிவாங்கும்.

பார்வை விஷயத்தில் இரண்டுமே மோசம். ஓடுபாதையை நோக்கி இறங்கும் இறுதி அணுகலில் மேலே செரோக்கி, கீழே செஸ்னா என்றால் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது. ரேடியோவில் இடத்தைச் சொல்லிக்கொண்டே இறங்குங்கள்.