காண்டாமிருகம்தான் கடைசியா செத்துச்சு

ரெண்டு நாளா ஆஷ்ஃபால் போட்டோவா பாத்துட்டு இருக்கேன், வேற வேலையே ஓடல. அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல இருக்கு, ஆஷ் ஹாலோ ஃபார்மேஷன்னு சொல்ற, மயோசீன்ங்கிற கோடி வருஷப் பழைய காலத்துப் பாறை அடுக்குல, பழங்கால விலங்கு எலும்பு கெடைச்ச ஒரு சின்ன எடம். 1971ல மைக் வோரீஸ்ங்கிற ஆய்வாளர் ஒரு சோளக்காட்டு ஓரமா மழைத்தண்ணி அரிச்ச பள்ளத்துல நடந்து போறப்போ குட்டிக் காண்டாமிருகத்தோட மண்டையோடு வெளிய நீட்டிட்டு இருந்துச்சாம், தோண்டிப் பாத்தா மண்டைக்குப் பின்னாடி மொத்த உடம்பும் அப்படியே கெடக்கு!

ஃபாசில்னா, அதாவது கல்லாப் போன பழைய எலும்புனா, வழக்கமா ஒரு பல்லு, அரைத் தாடைனு சில்லறையாத்தான் கெடைக்கும். இங்க எலும்பு எலும்போட கோத்தபடியே படுத்திருக்கு, சில காண்டாமிருகத்தோட வாய்ல கடைசியா தின்ன புல்லோட விதை கூட இருக்கு.

நடந்தது சுமார் 1 கோடியே 20 லட்சம் வருஷம் முன்னாடி. இப்போ ஐடஹோ இருக்குற பக்கம் எரிமலை வெடிச்சு, 1,000 கிலோமீட்டருக்கு மேல தாண்டி சாம்பல் வந்து கொட்டுச்சு. சாம்பல்னா அடுப்புச் சாம்பல் இல்ல, பொடிப்பொடியா கண்ணாடித் தூள். நான் மொதல்ல எல்லாம் அங்கயே மூடிப் பொதஞ்சு செத்துருச்சுனுதான் நெனச்சேன், தப்பு. புல்லு மேயுறப்போ மூச்சோட தூள் உள்ள போயி நுரையீரல் கெட்டு, தண்ணி தேடி ஒரு குட்டைக்கு வந்து ஒவ்வொண்ணா விழுந்திருக்கு. எப்படித் தெரியும்னா, கீழ கெடக்குறதுதான் மொதல்ல செத்தது: அடியில பறவை, ஆமை, அதுக்கு மேல கோரைப்பல்லு வச்ச சின்ன சைஸ் மான், அப்புறம் குதிரை, ஒட்டகம், எல்லாத்துக்கும் மேல காண்டாமிருகம். நுரையீரல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் சாவு. எலும்பு மேல கூட நுரையீரல் நோய்ல வர்ற அந்தப் பஞ்சு மாதிரி வளர்ச்சி இருக்கு, அது ஒரே நாள்ல வர்றது கெடையாது, அத்தன நாள் இழுத்துக்கிட்டு கெடந்திருக்குங்க பாவம்.

(அந்தக் காண்டாமிருகம் பேரு டெலியோசெரஸ், குட்டைக்காலும் பீப்பாய் ஒடம்புமா பாக்க நீர்யானை ஜாடை. குதிரைங்கள்ல பலதுக்கு காலுக்கு மூணு வெரல்!)

எலும்பு எல்லாத்தையும் மியூசியத்துக்கு அள்ளிட்டுப் போகாம, நெறைய எலும்ப கெடந்த எடத்துலயே விட்டு மேல கொட்டகை போட்டுட்டாங்க, இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. அதுல சில எலும்புல கடிச்ச தடம் இருக்கு. அத்தன சாம்பல்லயும் ஏதோ ஒண்ணு பசியோட சுத்திட்டு இருந்திருக்கு.