சல்லடையில் நிற்காதவை

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்த நாட்களில் என் இரண்டு சட்டைகளை அம்மா வீட்டுக்குள் சேர்க்கவே இல்லை. வெள்ளாற்றுக் கழிமுகச் சேற்றின் அழுகிய முட்டை வாடை, எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

சேற்றில் வாழும் சிற்றுயிர்களை எண்ண, படகிலிருந்து வான் வீன் கிராபை இறக்குவோம். வாயைத் திறந்தபடி போய், அடியைத் தொட்டபின் மேலே இழுக்கையில் மூடிக்கொள்ளும் இரும்புக் கருவி. தாடைக்கு நடுவே ஒரு சிப்பி சிக்கினால் போதும், மேலே வருவதற்குள் சேறெல்லாம் கரைந்துவிடும். "எல்லோரும் மீன் பிடிக்கிறார்கள், தம்பி மண் பிடிக்கிறது" என்பார் படகுக்காரர். வந்த சேற்றை 0.5 மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, நிற்பதை ஃபார்மலினில் போட்டு, ரோஸ் பெங்கால் சாயம் ஏற்றுவோம். உயிர்கள் இளஞ்சிவப்பாகத் தெரியும். பாலிகீட் எனும் கடற்புழுக்கள் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். தலை இருந்தால் ஒன்று; வால் மட்டும் கிடைத்தால் கணக்கில் வராது.

ஒருமுறை, அலசாத சேற்றைக் கண்ணாடி ஜாடியில் போட்டுக் கடல்நீர் ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். சில நாட்களில் மேலே மெல்லிய பழுப்புப் படலம், கீழே முழுக் கறுப்பு. ஆக்சிஜன் சில மில்லிமீட்டருக்குக் கீழே எட்டுவதில்லை. அதற்கும் கீழே பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டே சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு; வெளியேறினால் என் சட்டை.

ஆனால் கண்ணாடியை ஒட்டி ஒரு புழு வளை தோண்டியிருந்தது. அந்த வளையைச் சுற்றி மட்டும், கறுப்புக்குள் விரல் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கோடு! புழு உடலை நெளித்து நீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது; கூடவே ஆக்சிஜனும் இறங்குகிறது.

பிறகு, 2012-இல், டென்மார்க்கின் ஆர்ஹஸ் விரிகுடாச் சேற்றில் கம்பி போன்ற பாக்டீரியாக்களைக் கண்டதாகப் படித்தேன். ஆயிரக்கணக்கான செல்கள் வரிசையாகக் கோத்த, சென்டிமீட்டர் நீள இழை. ஆழத்தில் சல்பைடிலிருந்து எடுக்கும் எலக்ட்ரானை, மேலே ஆக்சிஜன் இருக்கும் இடத்துக்குக் கடத்துகிறது. கீழ் முனையில் உணவு, மேல் முனையில் மூச்சு. புழு குறுக்கே தோண்டினால் இழை அறுந்துபோகும். எங்கள் சல்லடையில் அந்த இழையும் நின்றிருக்காது, வளையும் நின்றிருக்காது.

ஜாடியையும் கடைசியில் அலசித்தான் எண்ணினேன். ஆய்வேட்டில், நான்காம் அட்டவணையில், அந்தப் புழு இருக்கிறது: எண்ணிக்கை, 1.