வாளோடு வாள் மோதிய பிறகு

ஜெர்மானிய நீள்வாள் பழக வருகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது ஐந்து வெட்டுகளை: ட்ஸோர்ன்ஹவ், க்ரும்ப்ஹவ், ட்ஸ்வெர்க்ஹவ், ஷீல்ஹவ், ஷைட்டல்ஹவ். 14-ஆம் நூற்றாண்டு ஆசான் யோஹன்னஸ் லீக்டனவர் செய்யுளாகக் கட்டிவைத்தவை. ஆனால் அதற்கு முன்பே கைக்கு வர வேண்டியது ஃப்யூலன், அதாவது வாள்கள் தொட்ட கணத்தில் எதிராளியின் அழுத்தத்தை உணர்வது.

குறுக்குக்கட்டையிலிருந்து அலகின் நடு வரை ஷ்டெர்க்கே, அங்கிருந்து நுனி வரை ஷ்வெக்கே. இவை அலகின் பகுதிகள். ஹார்ட், வைக் என்பவை வேறு. எதிராளி அழுத்தினால் ஹார்ட், தளர்த்தினால் வைக். இரண்டையும் போட்டுக் குழப்பினால் மேலே எதுவும் ஓடாது.

ட்ஸோர்ன்ஹவ்வையே எடுத்துக்கொள்வோம். எதிராளி வலத் தோளிலிருந்து கீழ்நோக்கி வெட்டுகிறார். நீங்களும் வலது காலை முன்வைத்து, வலத் தோளிலிருந்து சாய்வாக வெட்டுகிறீர்கள். வாள்கள் பிணையும்போது உங்கள் நுனி அவர் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். அவர் வைக் என்றால் அப்படியே நுனியால் குத்து, அதுதான் ஓர்ட். பக்கவாட்டில் பலமாகத் தள்ளினால், உங்கள் வாளை அவர் வாளின் மேல் வழியாக எடுத்து மறுபக்கம் வெட்டு. தள்ளாமல் ஹார்ட்டாக நின்றால், பிணைப்பை விடாமல் கைப்பிடியைத் தலைக்கு முன்பாக உயர்த்தி, நுனியைக் கீழ்நோக்கித் திருப்பிக் குத்து, இது விண்டன். மூன்றில் எது என்று பிணைப்பிலேயே முடிவெடுப்பதற்குப் பெயர் இண்டெஸ்.

பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: ஆளை விட்டுவிட்டு வாளைக் குறிவைத்து வெட்டுவார்கள். நுனி ஒருபக்கம் ஓடிவிடும், குத்தே கிடையாது. பிடியை இறுக்கினாலும் உணர்வு செத்துவிடும்.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பழகுகிறவர்கள் சரிவில் மேலும் கீழுமாக நிற்காதீர்கள். பிணைப்பின் உயரமே மாறிப்போகும். சரிவுக்குக் குறுக்காக, இருவரும் ஒரே மட்டத்தில் நில்லுங்கள். பனி ஈரம் காயாத புல்லில் ட்ஸ்வெர்க்ஹவ் என்ற குறுக்கு வெட்டுக்கு வலப்பக்கம் வைக்கும் அகலமான காலடி வழுக்கும், அடியைச் சுருக்குங்கள். வாளைத் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். துணிப்பையில் ஈரத்தோடு விட்டால் துரு பிடிக்கும்.

இன்னொன்று. 1570-இல் வெளியான, வாள் ஆசான் யோவாகிம் மாயரின் நூலையும் இந்த லீக்டனவர் முறையையும் ஒரே நாளில் கலந்து பழகாதீர்கள். அவர் காலத்தில் நீள்வாள் விளையாட்டில் குத்து வழக்கிலிருந்து போயிருந்தது. வெட்டின் பெயர் அதேதான், முடிகிற இடம் வேறு.