குதிரை ஏரும் எங்கள் எருமைகளும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒஹாயோ மாநிலங்களில் வாழும் ஆமிஷ் என்ற, நவீன இயந்திரங்களைப் பெரிதும் தவிர்க்கும் கிறிஸ்தவ சமூகத்தின் விவசாயிகளில் பெரும்பாலோர் இன்றும் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பூட்டித்தான் நிலத்தை உழுகிறார்கள். பெல்ஜியன், பெர்ஷரோன் போன்ற இனங்களைச் சேர்ந்த அந்தக் குதிரைகள் பெரும்பாலும் முக்கால் தொன்னுக்குக் குறையாத எடையுள்ளவை. அவர்கள் உழும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "நாமும் இயந்திரத்தை விட்டுவிட்டு இப்படி உழலாமே" என்று திருகோணமலை நண்பர்கள் சிலர் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன்; ஆனால் அங்கிருந்து நாம் கற்க வேண்டியது குதிரையை அன்று என்பது என் உறுதியான எண்ணம்.

குதிரை நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. நெடுந்தீவில் இன்றும் அவை கூட்டமாகத் திரிகின்றன. எனினும், பிளவுபடாத அதன் குளம்பு சேற்றில் புதையும். இரண்டாகப் பிளந்து விரியும் எருமைக் குளம்போ சேற்றில் நடப்பதற்கென்றே அமைந்தது. தீனியிலும் பெரிய வேறுபாடு உண்டு. கடும் வேலை செய்யும் குதிரைக்கு நல்ல புல்லோடு ஓட்ஸ் போன்ற தானியமும் வேண்டும் என்பதால், இயந்திரம் பரவுவதற்கு முன்பு அமெரிக்காவின் பயிர்நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு, வேலை செய்யும் விலங்குகளின் தீனிக்கே சென்றது. அசைபோடும் எருமையோ வைக்கோலையும் குளத்தங்கரைப் புல்லையும் தின்றே உழைக்கும் வலுவைப் பெற்றுவிடும்.

தம்பலகாமத்து வயல்களுக்குக் கந்தளாய்க் குளத்து நீர் வந்து சேர்ந்ததும், முன்பு பட்டி எருமைகளை வயலில் இறக்கிச் சுற்றிச் சுற்றி மிதிக்க விடுவார்கள். அந்த மிதிப்பில் புல்லும் பழைய அடிக்கட்டையும் சேற்றுக்குள் அமிழ்ந்து அழுகும். சேற்றுக்கு அடியில் மண் இறுகி, கட்டிய நீர் கீழே வடியாமல் நிற்கும். நான்கு சில் உழவு இயந்திரம் இதே வேலையை மிக விரைவாகச் செய்கிறது என்றாலும், ஆழச் சேறுள்ள வயல்களில் அது புதைந்து, இழுத்தெடுக்கும்போது பெரும் பள்ளங்களை விட்டுச் செல்கிறது. எருமைக்கும் ஒரு குறை உண்டு: வியர்வைச் சுரப்பிகள் குறைவாக உள்ள அந்த விலங்கு உச்சி வெயிலைத் தாங்காது, விடியற்காலையில் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்துத் தண்ணீரில் விட வேண்டும்.

2022 இல் டீசலுக்காக நாடே வரிசையில் நின்றபோது, எங்கள் பக்கத்திலும் பலர் உழவு மாடுகளை விசாரித்துத் திரிந்தார்கள். மூதூர்ப் பக்கத்து முதிய வயல்காரர் ஒருவர் அப்போது என்னிடம், "தம்பி, மாடு கிடக்குதுதான். நுகம் எங்க, கலப்பை எங்க, மாட்டைப் பழக்கத் தெரிஞ்ச ஆள் எங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நாம்பனை ஏருக்குப் பழக்குவது ஒரு நாளில் முடிகிற காரியமன்று. பழகிய மாட்டோடு சோடி சேர்த்து, வெறும் நுகத்தோடு நடத்தி, பிறகு மரக்கட்டையை இழுக்க விட்டு, அதன்பின்பே கலப்பையைப் பூட்ட வேண்டும். ஆமிஷ் மக்களிடம் குதிரை உழவு நிலைத்திருப்பதற்குக் காரணம், குதிரையோடு சேர்த்து கழுத்துப்பட்டை தைப்பவர், லாடம் அடிப்பவர், கலப்பை செய்யும் பட்டறை, மேய்ச்சல் நிலம், சிறு வயதிலேயே கடிவாளம் பிடிக்கப் பழகும் பிள்ளைகள் ஆகிய அனைத்தும் தொடர்ந்து இருந்துவருவதே ஆகும்.

இங்கே அந்தத் தொடர்ச்சி அறுந்துவிட்டது. வயல்கள் விதைக்கப்பட்டதும் பட்டிகளை ஓட்டிச் செல்வதற்கு இருந்த மேய்ச்சல் தரைகள் சுருங்கிவிட்டன. அறுவடை இயந்திரம் வைக்கோலை நசுக்கி வயல் முழுவதும் சிதறவிட்டுப் போவதால், பலர் அதைச் சேர்த்தெடுக்காமல் தீயிட்டுவிடுகிறார்கள்.

எல்லா வயலையும் மாட்டால் உழ முடியும் என்று நான் சொல்லவில்லை. பெரும்போக மழையை நம்பி விதைக்கும் மானாவாரி நிலத்தில் மழை விழுந்தவுடன் உழுது முடிக்க வேண்டும். ஒரு சோடி மாடு ஒரு நாளில் ஒரு ஏக்கரைக்கூட முடிப்பது அரிது என்பதால், அங்கே இயந்திரமே கைகொடுக்கும். ஆனால் இயந்திரம் புதையும் சேற்று வயல்களையும், அது திரும்ப இடமில்லாத சிறு துண்டுகளையும் ஒவ்வொரு போகமும் மாட்டைக் கொண்டே உழுதால், ஊருக்குச் சில சோடி மாடுகளும் அவற்றை ஓட்டத் தெரிந்த சிலரும் எஞ்சியிருப்பார்கள். எருமை வளர்ப்பவருக்குத் தயிர் விற்ற வருமானம் இருக்கிறது. அதோடு உழவுக் கூலியும் சேர்ந்தால் கடாக்களை இறைச்சிக்கு விற்காமல் வைத்திருக்க அவர்களால் முடியும். அதற்கு முதலில், எஞ்சியுள்ள குளத்தங்கரை மேய்ச்சல் தரைகளை எல்லையிட்டு ஒதுக்கும்படி கமக்கார அமைப்புகள் அடுத்த போகக் கூட்டத்திலேயே கேட்க வேண்டும்.