கறைக்குக் கீழே

செப்டம்பர் 3
வெள்ளக் கறை போகவில்லை. சன்னல் கொண்டிக்கு நாலு விரல் கீழே, சுவரைச் சுற்றி ஒரே கோடு. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தாயிற்று. மறுபடி எட்டிப் பார்க்கிறது.

செப்டம்பர் 7
கோயில் கொட்டகையில் கூட்டம். எல்லோருக்கும் கல்தான் வேண்டும். கரை நெடுகக் கருங்கல் கொட்டிவிட்டால் ஊர் பிழைத்துவிடுமாம். நம் கடலில் வருஷத்தில் பாதிக்கு மேல் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கல் முடிகிற இடத்துக்கு வடக்கே கடல் அரிக்கும். புதுச்சேரித் துறைமுகம் வந்தபிறகு அதற்கு வடக்கே கரை போன கதை யாருக்குத் தெரியாது? சொன்னேன். "நாம வடக்குல இல்லையே வாத்தியாரே" என்று ஒருவர் சிரித்தார். வடக்கே இருப்பது என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர்.

அதைவிட, போன டிசம்பர் 2 கடல் நம்மைத் தொடவே இல்லை. தென்பெண்ணைதான் முதுகுப்பக்கமாக வந்தது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து இரண்டு நாள், இனி பயமில்லை என்று படுத்தோம். சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்திருந்தார்கள். கல் எந்தப் பக்கம் போடுவது?

செப்டம்பர் 8
அம்மாவுக்கு இரவெல்லாம் இருமல்.

செப்டம்பர் 21
மகாளய அமாவாசை. தர்ப்பணம் முடித்துச் சித்தப்பாவோடு முகத்துவாரத்துக்குப் போனேன். மணல்திட்டு வாயை அடைத்துக் கிடக்கிறது. ஓரமாகக் கணுக்காலளவு தண்ணீர். "வெள்ளம் வந்தா அதுவே உடைச்சிக்கும்டா" என்றார். உடைக்கும்தான். உடைக்கிறவரை தண்ணீர் எங்கே நிற்கும்? இன்றுபோல் கடல் ஏற்றமாக இருந்தால் அதுவும் வாங்கிக்கொள்ளாது, எதிர்த்துத் தள்ளும்.

செப்டம்பர் 22
கட்டில் காலுக்கு மூன்று செங்கல். இன்னும் கறைக்குக் கீழேதான்.

அக்டோபர் 11
கிராம சபை. மழைக்கு முன் முகத்துவாரம் தூர்வாரவேண்டும் என்று தீர்மானம் எழுதினோம். கல் கேட்டும் ஒரு வரி சேர்த்தார்கள். சரி, சண்டை வேண்டாம். அணை திறக்கிற செய்தி வந்தால் எந்த நேரமானாலும் கோயில் மைக்கில் சொல்லவேண்டும். அப்புறம், நடக்கமுடியாதவர்கள் பட்டியல், யாரை யார் தூக்குவது என்று. பதினொரு பேர். முதல் பெயர் அம்மா.

அக்டோபர் 13
அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துப் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றிப் பார்த்தோம். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சிக்குகிறது. பையன்களுக்கு வியர்த்துவிட்டது. அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "சாமி புறப்பாடு மாதிரி இருக்குடா." இறக்கிவிட்ட பிறகு என் கையை விடவில்லை.

அக்டோபர் 17
மழை தொடங்கிவிட்டது. பொக்லைன் திங்கட்கிழமை வருமாம். திங்கட்கிழமை தீபாவளி.

அக்டோபர் 20
வரவில்லை.

அக்டோபர் 21
விடாத மழை. நாலாவது செங்கல் வைத்தால் கட்டில் ஆடுகிறது. சித்தப்பா போன் செய்தார்: மண்வெட்டியோடு இருபது பேர் வேண்டும், ஏற்றம் வருவதற்குள் வாயை வெட்டிவிடலாம் என்கிறார். போகவேண்டும். பட்டியலில் அம்மாவைத் தூக்குகிற இரண்டு பையன்களும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார்கள்.